ஏரி கோடி போன கதை: ரோபோ போட்டிக்கு விதி எழுதிய அனுபவம்

நாங்கள் நடத்திய முதல் போட்டியின் மூன்றாவது ஆட்டத்திலேயே, ஓடாத ரோபோ ஒன்று ஜெயித்துவிட்டது. பேட்டரி ஒயர் கழன்றுபோய், விசில் ஊதியதிலிருந்து 2 நிமிடமும் அது புறப்படும் கட்டத்திலேயே சாதுவாக உட்கார்ந்திருந்தது. எதிரே ஆடிய குடியாத்தத்துப் பிள்ளைகளின் ரோபோ தட்டுத் தடுமாறி 5 பந்துகளை, பலகையில் 'கீழ் ஏரி' என்று நாங்கள் பெயர் வைத்திருந்த இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. பந்துக்கு 5 வீதம் 25 மதிப்பெண். ஆனால் நான் எழுதிய விதித்தாளில், 'ஆட்டம் முடியும்போது ரோபோ தன் கட்டத்துக்குள் இருந்தால் 30' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஒரு தடவையாவது கட்டத்தை விட்டு வெளியே போயிருக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை. எழுதாததை நடுவர் எப்படிக் கேட்பார்? முப்பதுக்கு இருபத்தைந்து. ஜெயித்த பிள்ளைகளுக்கே வெட்கமாகிவிட்டது. கை தட்டாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

காட்பாடிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் பாடம் எடுக்கிறவன் நான். பழைய வட ஆற்காட்டுப் பள்ளிகள் சிலவற்றைச் சேர்த்து, 8 முதல் 10-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு ரோபோ போட்டி நடத்தலாம் என்று ஏழெட்டு ஆசிரியர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அரங்கம், சாப்பாடு, சான்றிதழ் எல்லாவற்றுக்கும் ஆள் கிடைத்தது. விதி எழுத மட்டும் யாரும் முன்வரவில்லை. "ஒரு பக்கம்தானே சார், நீங்க எழுதிக் குடுங்க" என்று என் தலையில் கட்டினார்கள். ஒரு பக்கம்தான் எழுதினேன். அதன் லட்சணம்தான் மேலே சொன்னது.

ஆட்டத்தின் கதை பாலாற்றிலிருந்து வந்தது. ஆசிய-பசிபிக் நாடுகளின் கல்லூரிப் பிள்ளைகள் மோதும் ஏபியூ ரோபோகான் போட்டியில், பெரும்பாலும் அந்த ஆண்டு நடத்துகிற நாடு தன் ஊர்ப் பழக்கம் ஒன்றை ஆட்டமாக்கும். 2008-இல் புனேயில் நடந்தபோது உறியடித் தயிர்ப் பானையை வைத்துச் செய்தார்கள். நமக்கு ஏரி இருக்கிறதே என்று தோன்றியது. பாலாற்றில் தண்ணீர் வந்தால் வாலாஜா பக்கத்து அணைக்கட்டில் திரும்பிக் காவேரிப்பாக்கம் ஏரிக்குப் போகிறது. ஓர் ஏரி நிரம்பி வழிந்தால், அதாவது கோடி போனால், அடுத்த ஏரிக்குத் தண்ணீர். இங்கே வளர்ந்த பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம். பலகையின் நடுவில் ஆறு, அதில் நீல நிறப் பந்துகள்தான் தண்ணீர். ஆளுக்கு ஒரு மேல் ஏரி, ஒரு கீழ் ஏரி. எல்லாவற்றுக்கும் கடைசியில் இரண்டு அணிக்கும் பொதுவாக ஒரு கடைமடை ஏரி. கதை நன்றாகத்தான் இருந்தது. மதிப்பெண்தான் கதையோடு ஒட்டவில்லை.

ஏன் 30 வைத்தேன் என்று பிறகு யோசித்தேன். காரணமே இல்லை. 5, 10 என்று வரிசையாக எழுதிக்கொண்டு வந்தவன், 'கடைசியில் வீடு திரும்புவது அழகாக இருக்கும்' என்று 30 போட்டுவிட்டேன். அழகுக்கு மதிப்பெண் போட்டால் இப்படித்தான்.

இரண்டாம் ஆண்டு கணக்குப் போட்டுத் தொடங்கினேன். பிள்ளைகளின் பெட்டியில் என்ன இருக்கிறது? மத்திய அரசின் அடல் லேப் உள்ள பள்ளியோ இல்லாத பள்ளியோ, பெரும்பாலும் ஒரே சாமான்தான்: மூளைக்கு ஆர்டுயினோ ஊனோ, மோட்டாரை ஓட்ட எல்298என் டிரைவர், மஞ்சள் நிற பிஓ மோட்டார், 65 மில்லிமீட்டர் சக்கரம், 18650 என்ற லித்தியம் பேட்டரி செல் இரண்டு. அந்தச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறக்குறைய 20 செ.மீ. நகரும். மோட்டார் 100 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 100 சுற்று, என்றால் விநாடிக்கு 34 செ.மீ. அது காகிதத்தில். பாரம், வழுக்கல், பழைய செல் எல்லாம் சேர்ந்தால் 25-க்கு மேல் தேறாது. எங்கள் பலகை 8 அடிக்கு 4 அடி. வேறொன்றும் இல்லை, கடையில் பிளைவுட் அந்த அளவில்தான் வருகிறது, குட்டியானை வண்டியிலும் ஏற்றிக்கொண்டு போகலாம். 244 செ.மீ. நீளத்தை ஒரு முறை கடக்க 10 விநாடி. போக வர 20. பொருளைப் பிடிக்க, திரும்ப, நேராக நிறுத்த இன்னொரு 10. ஆக ஒரு நடைக்கு 30 விநாடி, 2 நிமிடத்தில் 4 நடை.

இந்த 4 என்ற எண் கையில் கிடைத்த பிறகுதான் மற்றதெல்லாம் புரிந்தது. நடைக்கு ஒரு பந்து என்றால் சுமாரான ரோபோ கீழ் ஏரியில் 20 மதிப்பெண் எடுக்கும். அப்படியிருக்க, ஒன்றும் செய்யாமல் நிற்பதற்கு 30 கொடுத்திருக்கிறேன்! எந்தப் புத்திசாலிப் பிள்ளையும் நிற்கத்தானே செய்யும். இப்போது வீடு திரும்ப 6 மதிப்பெண்தான். அதுவும் ரோபோ முழுதாகக் கட்டத்தை விட்டு வெளியேறி, ஒரு பொருளையாவது ஏரியில் சேர்த்திருந்தால். மேல் ஏரி 5 செ.மீ. உயரத்தில், சரிவுப் பலகை மேல் ஏறிப் போக வேண்டிய இடம். சுமாரான ரோபோ அங்கே இரண்டுக்கு ஒரு தடவை சறுக்கி விழும். அதனால் கீழ் ஏரிக்கு 4 என்றால் மேல் ஏரிக்கு 10. எட்டு என்று வைத்திருந்தால் சறுக்குவதையும் சேர்த்து இரண்டும் சமமாகி, யாரும் மேலே ஏற மாட்டார்கள். 20 என்று வைத்திருந்தால் கீழ் ஏரியை எவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

தொடுவதற்கான தண்டனையிலும் இதே கூத்துதான். முதல் ஆண்டு மேல் ஏரிப் பந்துக்கு 10, ரோபோவைக் கையால் தொட்டால் 5 கழிவு. போட்டிக்கு இரண்டு நாள் முன்பு பேர்ணாம்பட்டுப் பையன் ஒருவன் போன் செய்தான்.

"சார், ஒரு தடவ தொட்டா அஞ்சுதானே கழிப்பீங்க?"

"ஆமாம்பா."

"மேல் ஏரிக்குப் பத்து. அப்ப பந்தப் புடிச்சதும் ரோபோவத் தூக்கி மேல வச்சிட்டா எனக்கு அஞ்சு லாபம்தானே சார்? தொட்டுக்கினே இருக்கலாமா?"

எனக்கு வாயடைத்துப் போயிற்று. அவன் ஏமாற்றுக்காரன் இல்லை. கணக்குத் தெரிந்தவன், தெரிந்ததை ஒளிக்காமல் கேட்டவன். அன்று ராத்திரியே விதியை மாற்றினேன். தொட்டால் ரோபோ புறப்படும் கட்டத்துக்குத் திரும்ப வேண்டும், அது பிடித்திருந்த பொருள் நடுவரின் சட்டைப் பைக்குள் போகும். மதிப்பெண் கழிவே கிடையாது. நேரம் போவதே தண்டனை. லெகோ ரோபோக்களை வைத்து நடக்கும் எஃப்எல்எல் போட்டியிலும் ரோபோவை நடுவழியில் தொட்டால் கிளம்பிய இடத்துக்கே திருப்பி விடுகிறார்கள், கூடவே மதிப்பெண் உள்ள துல்லிய டோக்கன் ஒன்றைப் பிடுங்கிக்கொள்கிறார்கள் என்பதைப் பிறகுதான் படித்தேன். முன்னாலேயே படித்திருக்கலாம்.

எழுதி முடித்ததும் ரோபோ இல்லாமலே ஒரு முறை ஆடிப் பார்ப்பது நல்லது. நான் செய்தது மே மாதத்தில், வீட்டு மொட்டை மாடியில். வேலூர் மே மாதம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். சாயங்காலம் 6 மணிக்கும் தரை சுட்டது. சாக்பீஸால் பலகையை வரைந்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாலு பேரைக் கூப்பிட்டு, ஆளுக்கொரு முறத்தைக் கொடுத்து, "ஒரு நடைக்கு ஒரு பந்துதான், போய் வர 30 விநாடி ஆகணும், எண்ணிக்கிட்டே மெதுவா நடக்கணும்" என்று சொல்லி ஆடவிட்டேன். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் சின்னவள் ஒருத்தி மூன்றாவது ஆட்டத்தில் தன் பந்தை எடுக்கவே இல்லை. முறத்தைச் சரிவுப் பலகை மேல் சாய்த்து வைத்துவிட்டு நின்றுகொண்டாள். எதிராளி ஏரிக்குப் போகும் வழி அடைபட்டுவிட்டது. "நான் ஒன்னும் பண்ணல அங்கிள், சும்மா நிக்கறேன்" என்றாள். வழி மறிக்கக் கூடாது என்று விதியில் இல்லை. அன்றைக்கே சேர்த்தேன்: எதிர் அணியின் சரிவில் சக்கரம் படக் கூடாது, பட்டால் அந்த நடைக்குரிய மதிப்பெண் எதிர் அணிக்கு. ஒரு சாயங்காலம், ஒரு பாட்டில் ரஸ்னா, நாலு முறம். இதற்கு ஆன செலவு அவ்வளவுதான்.

மாடியில் ஆடிப் பார்த்தாலும் தெரியாத ஒன்று மின்விசிறி. முதல் ஆண்டு டேபிள் டென்னிஸ் பந்து வைத்திருந்தோம். லாங் பஜாரில் மொத்தமாக வாங்கியது, அழகாக நீலச் சாயம் அடித்தோம். ஒரு பந்தின் எடை 2.7 கிராம். அரங்கத்தில் சீலிங் ஃபேன் போட்டதும் தண்ணீர் எல்லாம் தானாகவே ஏரியை விட்டுக் கிளம்பிவிட்டது. ஃபேனை நிறுத்தினால் பந்து நிற்கிறது, மனிதர்கள் மயங்குகிறார்கள். மத்தியானம் வரை ஃபேனை அணைத்து, போட்டு, அணைத்து ஓட்டினோம். மறு ஆண்டு தச்சரிடம் சொல்லி 4 செ.மீ. மரக்கட்டைகள் அறுத்து வாங்கிவிட்டோம். "தண்ணி எப்படி சார் சதுரமா இருக்கும்?" என்று ஒரு குரல் வந்தது. "ஐஸ் கட்டிடா" என்று பதில் சொன்னதும் அவர்களில் ஒருவன்தான். இன்றுவரை அதற்குப் பெயர் ஐஸ் கட்டி.

கட்டைக்கு மாறியதில் இன்னொரு தலைவலியும் தீர்ந்தது. 'ஏரிக்குள்' என்றால் என்ன? கோட்டின் மேல் பாதி நிற்கும் பந்து உள்ளேயா வெளியேயா? விதியில் நான் எழுதியிருந்தது 'பந்து கோட்டைத் தாண்டினால்' என்று. தாண்டினால் என்றால் தொட்டுக் கடந்தாலா, முழுதாகக் கடந்தாலா, கடந்து திரும்பி உருண்டு வந்தாலுமா? மூன்று நடுவர்கள் மூன்று விதமாகப் புரிந்துகொண்டார்கள். இப்போது விதி இது: எல்லாம் அசையாமல் நின்ற பிறகு, நேர் மேலிருந்து பார்த்தால், கட்டையின் எந்தப் பகுதியும் கோட்டின் மேலோ வெளியிலோ இருக்கக் கூடாது, சொந்த ரோபோ அதைத் தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் நடுவர் ஒரு போஸ்ட் கார்டைக் கோட்டின் உள்விளிம்பில் செங்குத்தாக நிறுத்துவார். கட்டையில் இடிக்காமல் நின்றால் உள்ளே. அப்படியும் முடிவுக்கு வர முடியவில்லை என்றால் மதிப்பெண் பிள்ளைக்கே. ஆட்டம் நடக்கும்போது நடுவர் கண்ணால் பிடிக்க வேண்டிய விஷயங்களைக் கூடிய மட்டும் குறைத்துவிட்டேன். ஆட்டம் முடிந்து பலகை அசையாமல் கிடக்கும்போது எண்ணக்கூடியதற்கே பெரும்பாலும் மதிப்பெண். நடுவர்களும் எங்கள் கல்லூரிப் பிள்ளைகள்தானே. 19 வயதுப் பையனிடம் ஒரே நேரத்தில் இரண்டு ரோபோவையும் ஸ்டாப்வாட்சையும் ஒரு கோபக்கார அப்பாவையும் சமாளிக்கச் சொல்வது பாவம்.

அப்பாக்களைப் பற்றிச் சொன்னேன், ஆசிரியர்களும் குறைந்தவர்கள் இல்லை. முதல் ஆண்டு ஒரு பள்ளியின் பொறுப்பாளர் மேசைக்கே வந்து, எங்கள் ஆள் கையிலிருந்து மதிப்பெண் தாளை வாங்கித் தானே கூட்டத் தொடங்கிவிட்டார். இப்போது தாளில் கூட்டலே கிடையாது. மேல் ஏரியில் எத்தனை, கீழ் ஏரியில் எத்தனை, கடைமடையில் எத்தனை, வீட்டில் உண்டா இல்லையா. பலகையில் இடமிருந்து வலமாக எப்படி இருக்கிறதோ அதே வரிசையில் கட்டங்கள். நடுவர் எண்ணிக்கையை மட்டும் எழுதுவார், அணித் தலைவர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார், பெருக்கல் எல்லாம் கணினியில். கையெழுத்துப் போடும் முன் பிள்ளை எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடலாம். பெரியவர் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. இந்த விதியை மட்டும் எந்த ஆண்டும் மாற்றப் போவதில்லை.

புளூடூத் கதையையும் சொல்லிவிடுகிறேன். போனிலிருந்து ரோபோவை ஓட்ட எல்லோரும் வாங்கியது ஹெச்சி-05 என்ற புளூடூத் மாட்யூல். கடையிலிருந்து வரும்போது எல்லாவற்றுக்கும் பெயர் ஹெச்சி-05, கடவுச்சொல் 1234. ஆம்பூர்ப் பையன் போனை அழுத்த, ஆற்காட்டு ரோபோ நகர்ந்தது. அணி எண்ணைப் பெயராக மாற்றாத ரோபோ இப்போது சோதனை மேசையைத் தாண்டாது.

நேரக் கணக்கில் எல்லோரும் ஏமாறுவது ஒன்று உண்டு. ஆட்டம் 2 நிமிடம் என்று எழுதிவிட்டு, அதை வைத்தே அட்டவணை போடுவது. பலகையைத் திரும்ப அடுக்க எங்களுக்கு முதல் ஆண்டு 4 நிமிடம் ஆனது. ஒவ்வொரு முறையும் யாராவது விதித்தாளைப் பார்த்துப் பந்து எங்கே வைக்க வேண்டும் என்று தேடினார்கள். இப்போது பலகையிலேயே கட்டை வைக்கும் இடங்கள் அச்சடித்திருக்கிறது. 24 அணி, ஆளுக்கு 3 சுற்று, ஆக 72 ஓட்டம். ஒரு ஆட்டத்தில் இரண்டு அணி என்றால் 36 ஆட்டம். அடுக்குவதையும் சேர்த்து ஒரு ஆட்டத்துக்கு 5 நிமிடம் என்றால் ஒரே பலகையில் 3 மணி நேரம். இரண்டு பலகை இருந்தால் சாப்பாட்டுக்கு முன்பே தகுதிச் சுற்று முடிந்துவிடும். மூன்று சுற்றில் எது அதிகமோ அதைத்தான் எடுத்துக்கொள்கிறோம்; கூட்டுத்தொகை இல்லை. 40 கிலோமீட்டர் பஸ்ஸில் ரோபோவை மடியில் வைத்துக்கொண்டு வந்த பிள்ளைக்கு முதல் சுற்றில் ஒயர் கழன்றதற்காக நாளே வீணாகக் கூடாது. இரண்டு அணி சமமானால் அடுத்த பெரிய மதிப்பெண்ணைப் பார்ப்போம். முதல் ஆண்டு 'குறைந்த நேரம்' என்று வைத்து, இரண்டு ஸ்டாப்வாட்சுக்கு நடுவே ஒரு விநாடிக்காக நடந்த சண்டையை மறக்க முடியாது.

எனக்கு மிகவும் பிடித்த விதி கடைமடை. இரண்டு அணியும் ஆளுக்கு ஒரு கட்டையாவது பொது ஏரியில் போட்டால், இரண்டு அணிக்கும் தலா 15. ஒருவர் மட்டும் போட்டால் யாருக்கும் இல்லை. தகுதிச் சுற்றில் பிரமாதமாக வேலை செய்தது. ஆட்டத்துக்கு முன் எதிரெதிர் அணிப் பிள்ளைகள் உட்கார்ந்து, "நீ முதல்ல போடு, கடைசி அரை நிமிஷத்துல நான் போடறேன்" என்று பேசிக்கொண்டதைப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. மேல்மடைக்காரனும் கடைமடைக்காரனும் சண்டை போட்டே பார்த்த ஊரல்லவா.

இறுதிச் சுற்றில் அந்த ஏரி பொட்டலாகக் கிடந்தது. ஒரு பிள்ளைகூட அந்தப் பக்கம் போகவில்லை. எனக்கு முதலில் கோபம். பிறகு நானே கணக்குப் போட்டேன். தகுதிச் சுற்றில் பார்ப்பது மதிப்பெண்ணை. எதிராளிக்கு 15 கிடைத்தால் எனக்கு நட்டமில்லை. இறுதிச் சுற்றில் பார்ப்பது யார் ஜெயித்தார் என்பதை. இருவருக்கும் 15 வந்தால் வித்தியாசம் பூஜ்யம், நடை ஒன்று வீண். விதியில் ஓர் எழுத்து மாறவில்லை, வரிசைப்படுத்தும் முறை மாறியது, ஆட்டமே வேறாகிவிட்டது. அமெரிக்காவின் எஃப்ஆர்சி என்ற மேல்நிலைப் பள்ளி ரோபோ போட்டியில் 2015-இல் தகுதிச் சுற்றில் வெற்றி தோல்வியே இல்லாமல், சராசரி மதிப்பெண்ணை வைத்து வரிசைப்படுத்தி, எதிர் அணிகளின் ரோபோக்கள் மோதிக்கொள்ளவே வழியில்லாமல் செய்தார்கள். பார்க்கச் சலிப்பாக இருந்தது என்று நிறைய பேர் குறைபட்டார்கள். நான் அவ்வளவு தூரம் போக விரும்பவில்லை. இறுதிச் சுற்றில் கடைமடையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒற்றைச் சிவப்புக் கட்டை வைத்துவிட்டேன். முதலில் கொண்டுபோகிறவருக்கு 12. சண்டை போட்டுக்கொள்ளட்டும்.

விதித்தாளில் இல்லாத குறுக்கு வழியைப் பிள்ளைகள் கண்டுபிடித்தால் என்ன செய்வது என்று மற்ற ஆசிரியர்களோடு எனக்கு இன்னமும் தகராறு உண்டு. ரோபோ 30 செ.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்று எழுதியிருந்தோம். எப்போது என்று எழுதவில்லை. ஓர் அரசுப் பள்ளி அணி, இரண்டு பக்கமும் ஈர்க்குச்சித் துடைப்பத்தை மடக்கி நூலால் கட்டிக்கொண்டு பெட்டிக்குள் காட்டியது. விசில் ஊதியதும் நூல் அவிழ்ந்தது, துடைப்பம் இரண்டும் இறக்கை மாதிரி விரிந்தன, ஆற்றிலிருந்த கட்டைகளில் பாதியை ஒரே நடையில் கூட்டித் தள்ளிக்கொண்டு போனது. சக நடுவர் தகுதி நீக்கம் செய்யச் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். தாளில் இல்லாதது அந்த ஆண்டுக்கு அனுமதி. ஓட்டை என்னுடையது, அடைக்க வேண்டியவனும் நான், அதுவும் அடுத்த ஆண்டுதான். ஈர்க்குச்சியை யோசித்த தலைக்குத் தண்டனை கொடுத்துவிட்டு எதற்கு ரோபோ போட்டி நடத்துவது? விரிவதை அடுத்த ஆண்டும் தடுக்கவில்லை. 60 செ.மீ. வரை என்று ஓர் எல்லை வைத்ததோடு சரி.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கோட்டைத் தொடரும் ரோபோக்களுக்குக் கண், அகச்சிவப்பு ஒளியைப் பார்க்கும் ஐஆர் சென்சார். பலகை மேல் விரிப்பது ஃப்ளெக்ஸ், அது பளபளக்கும். காலையில் அட்டகாசமாக ஓடிய ரோபோ 3 மணிக்கு மேற்கு ஜன்னலில் வெயில் விழுந்ததும் குருடாகிவிட்டது. பிள்ளைகள் புரோகிராமைத் திருத்தித் திருத்திக் களைத்தார்கள். பளபளப்பில்லாத ஒட்டும் தாளில் அச்சடிப்பது, ஜன்னலுக்குப் பந்தல் துணி கட்டுவது, காலையில் யார் வேண்டுமானாலும் பலகையில் சென்சாரைச் சரிபார்க்க அரை மணி நேரம் கொடுப்பது. இவை விதித்தாளில் வராது, ஆனால் விதி மாதிரிதான்.

கேள்விகளுக்குப் பதிலை இப்போது தனித்தனியாகப் போனில் சொல்வதில்லை. யார் கேட்டாலும் கேள்விக்கு ஓர் எண், பதில் தமிழிலேயே எல்லோருக்கும் வாட்ஸப்பில், போட்டிக்கு மூன்று நாள் முன்போடு நிறுத்தம். அந்தப் பேர்ணாம்பட்டுப் பையன் கேட்டதை அவனுக்கு மட்டும் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து வந்த பழக்கம்.

இந்த ஆண்டு புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறேன். மேல் ஏரியில் 6 கட்டைதான் கொள்ளும். ஏழாவதிலிருந்து கோடி போய்க் கீழ் ஏரிக் கணக்கில் சேரும், கட்டைக்கு 4. வலுவான அணி ஒரே இடத்தில் கொட்டிக்கொண்டிருக்காமல் இருக்க. விதித்தாளை அனுப்பிய ராத்திரியே கேள்வி எண் 1 வந்தது. அணைக்கட்டுப் பக்கத்து ஒன்பதாம் வகுப்புப் பெண்.

"ஐயா, மேல் ஏரி ரொம்பினா கோடி போயி கீழ் ஏரின்னு போட்டிருக்கீங்க. கீழ் ஏரியும் ரொம்பிட்டா கடைமடைக்குத்தானே போவும்? அப்ப நாங்க அங்க போவாமலே எங்க கட்ட கடைமடைல விழுந்த மாதிரி கணக்கா?"

கீழ் ஏரிக்குக் கொள்ளளவே நான் போடவில்லை. நிஜத் தண்ணீர் என்றால் அவள் சொல்வதுதான் சரி. மதிப்பெண் என்றால், மேலே ஏறத் தெரிந்த அணியின் கட்டை கடைமடையில் சும்மா விழுந்துவிடும், எதிரணியும் ஒன்று போட்டால் 15 வந்துவிடும், முன்கூட்டிப் பேசிவைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகும். பதில் சொல்ல ஞாயிறு வரை நேரம் கேட்டிருக்கிறேன். முறங்களைத் தேடி எடுத்து வைத்தாயிற்று.